வெர்லன் நட்ட ரீப்பர்கள்

மார்ச் மாதக் கடைசியில் எங்கள் ஏரியில் கிராப்பி மீன் கிடைக்கவில்லை என்று ஒருவன் சொன்னால், ஒன்று அவன் பொய் சொல்கிறான், இல்லை அவனுக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது. காசுக்கு ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப் போகிற வழிகாட்டி வெர்லன் பிக்கெட்டுக்கு இரண்டுமே பொருந்தாது. எந்த இடத்தில் பிடித்தான் என்பதில் பொய் சொல்வான்தான், அது இங்கே எல்லோரும் சொல்வது. ஆனால் மீன் விஷயத்தில் சொல்ல மாட்டான். அதனால் அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கே அவன் படகு துறைக்குத் திரும்புவதைப் பார்த்தபோது காபிக் கோப்பையோடு ஜன்னலுக்கு வந்துவிட்டேன்.

படகுத்துறைக்கு மேலே இரை விற்கும் கடை என்னுடையது. முப்பத்தொரு வருடமாக உயிருள்ள பொடிமீனும், ஈயத்தலை வைத்த மயிர்த் தூண்டிலும், காபியும், பன் போன்ற சூடான பிஸ்கட்டும் அதன்மேல் ஊற்ற வெள்ளைக் குழம்பும் விற்கிறேன். ரீல்ஃபுட் ஏரிக்கு வருகிற அத்தனை பேரும் என் படியேறித்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். யார் என்ன பிடித்தார்கள், யார் யாரோடு பேச்சை விட்டார்கள் என்பதெல்லாம் எனக்குக் கேட்காமலே வந்து சேரும். கேட்டாலும் தப்பில்லை என்று நினைக்கிற ஆள் நான்.

வெர்லன் மெம்பிஸிலிருந்து கூட்டி வந்த இரண்டு பேரும் காலி மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிப் போனார்கள். அவன் வாளியோடு உள்ளே வந்தான்.

“பொடிமீனத் திருப்பி எடுத்துக்கங்க, மிஸ் ஓப்பல். எல்லாம் உசுரோடதான் இருக்கு.”

“காத்து மாறிடுச்சா?”

“காத்துக்கு என்ன? தெக்கத்திக் காத்துதான்.”

“தண்ணி கலங்கலா?”

“தண்ணிக்கும் ஒண்ணுமில்ல.” கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். “என் ரீப்பர எவனோ பிடுங்கிட்டான். ஏழு படுக்கையும் போச்சு.”

காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அடிமடியிலேயே கை வைத்த காரியம் அது.

எங்கள் ஏரி பெரியது, ஆழம் கிடையாது. பாதிக்கு மேற்பட்ட இடத்தில் இறங்கி நின்றால் தலை முங்காது. என்றோ பூமி ஆடிக் காடு தாழ்ந்து தண்ணீர் ஏறிய இடம் என்பதால் அடியெல்லாம் அடிமரம். கிராப்பி, கட்டையில் ஒண்டி வாழ்கிற மீன். தட்டு அகலத்தில் வெள்ளியாக, மேலெல்லாம் கருப்புப் புள்ளி தெளித்து இருக்கும். உதடு காகிதம் மாதிரி, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து போகும். படகின் முன்னால் பன்னிரண்டடிக் கம்பு எட்டை விசிறி போலப் பரப்பி, ஒன்றரையடி ஆழத்தில் பொடிமீனைத் தொங்கவிட்டு, நடக்கிற வேகத்தில் பாதி வேகத்துக்குப் படகைத் தள்ள வேண்டும். அவசரக்காரனுக்கு ஏற்ற வேலை இல்லை.

அடிமரம் எல்லோருக்கும் பொது. அதனால் ஒவ்வொரு வழிகாட்டியும் தனக்கென்று ரகசியமாகக் கட்டை நட்டுக்கொள்வான், அப்படி நட்ட கூட்டத்துக்குப் படுக்கை என்று பெயர். வெர்லன் ஜனவரிக் குளிரில் ஓக் மர ரீப்பர்களை, அதாவது மெல்லிய நீளச் சட்டங்களை, அறுப்பு மில்லிலிருந்து வாங்கி வந்து, வேலிக்கால் அடிக்கிற இரும்புக் குழாயால், ஒரு படுக்கைக்கு முப்பது ரீப்பர் வீதம், நுனி தண்ணீருக்கு இரண்டடி கீழே நிற்கும்படி சேற்றில் இறக்குவான். வசந்தத்தில் மீன் வந்து அதில் சேரும். அடுத்தவன் படுக்கை தற்செயலாகக் கண்ணில் பட்டால் அதில் தூண்டில் போடலாம், அதை யாரும் குற்றமாக நினைக்க மாட்டார்கள். ஆனால் ரீப்பரைப் பிடுங்குகிறவனுக்கு இந்த ஊரில் ஒரு காபிகூடக் கிடைக்காது.

“நல்லாப் பாத்தியா?” என்றேன்.

“கழிய விட்டு மணிக்கணக்காக் குத்திப் பாத்தேன். வெறும் சேறு. அங்கங்க ஒரு அடிமரம்.”

“இருநூறு ரீப்பரப் பிடுங்குனவனுக்கு இடுப்பு ஒடிஞ்சிருக்காதா? அவ்வளவு மரத்த எங்க கொண்டு போட்டான்?”

“அதத்தான் நானும் கண்டுபிடிக்கணும்.” என் முகத்தையே பார்த்தான். “இடம் தெரிஞ்சவன் செஞ்ச வேலை இது.”

இடம் யாருக்குத் தெரியும்? மற்றவர்கள் படகிலெல்லாம் அடியைப் படமாகக் காட்டும் திரை இருக்கிறது. வெர்லனிடம் இல்லை. அந்தத் திரைப் பெட்டியில் இடத்தைப் பதிந்து வைத்தால் பெட்டியைத் திருடுகிறவன் இடத்தையும் சேர்த்துத் திருடுவான் என்பது அவன் கணக்கு. கரையில் கிட்டே ஒரு பொருள், அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு பொருள், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்வரை படகைத் தள்ளுவான். குறுக்கே அதே போல இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் படுக்கை. எதோடு எதைச் சேர்க்கிறான் என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி லூரீனிடமும் சொன்னதில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடம், ஒரு நாள்கூட அவளை அந்தப் பக்கம் படகில் கூட்டிப் போனதில்லை. கேட்டால், “பொம்பளைங்க பேச்சுவாக்குல சொல்லிடுவாங்க” என்பான். அவன் தலையில் அந்தக் கழியாலேயே ஒன்று போட்டிருப்பேன், நானாக இருந்தால்.

இந்த வருடம் வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தான். லூரீனின் தம்பி ராய்ஸ். டயர் தொழிற்சாலை வேலை போய், பெண்டாட்டியும் போய், டிசம்பரில் அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தவன். நாற்பது வயது, பேச்சு குறைவு, கை ஓயாது. பழைய படகு ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு, தானும் ஆட்களைக் கூட்டிப் போகலாம் என்று உரிமம் எடுத்திருந்தான். பிப்ரவரியில் வெர்லன் குடலிறக்க அறுவைக்காக ஆஸ்பத்திரியில் படுத்த பன்னிரண்டு நாளும் வீட்டைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான்.

புதன்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு லூரீன் வீட்டில். வெள்ளைப் பீன்ஸ், பன்றித் தொடைக் கறி, சோளமாவு ரொட்டி, வினிகர் ஊற்றிய கீரை. மார்ச் மாதத்தில் அந்த மேசையில் வறுத்த மீன் இல்லாமல் நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

“நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஏரிக்குப் போனியா?” வெர்லன் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே ராய்ஸிடம் கேட்டான்.

“ரெண்டு தடவ போனேன், மச்சான். என் மோட்டார் ஓடுதான்னு பாக்க.”

“எந்தப் பக்கம்?”

“துறையச் சுத்தித்தான்.”

“துறையச் சுத்தின்னா வடக்கயா, தெக்கயா?”

“ஏன், போலீஸ்ல சேந்துட்டியா?” என்றாள் லூரீன். “பீன்ஸ் ஆறுது, சாப்புடு.”

“நான் அவன்கிட்டக் கேட்டேன்.”

“என் வீட்டு மேசையில கேட்டா நானும்தான் பதில் சொல்லுவேன். மிஸ் ஓப்பல், இன்னும் கொஞ்சம் கீரை போட்டுக்கங்க.”

ராய்ஸ் தட்டைப் பார்த்தபடியே சொன்னான். “உங்க படுக்கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது, மச்சான். தெரிஞ்சுக்கவும் வேண்டாம். நான் அடிமரத்துலயே பிடிச்சுக்குவேன்.”

“நேத்து எத்தன பிடிச்ச?”

“இருபத்தாறு. எல்லாத்தையும் கூட வந்தவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“அடிமரத்துல.”

“அடிமரத்துலதான்.”

வெர்லன் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. லூரீன் எழுந்து பாத்திரத்தைச் சத்தமாக நகர்த்தினாள். 

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவன் செய்ததையெல்லாம் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எங்களுக்கு வரவில்லை. ராய்ஸின் படகுக் கயிற்றில் யாருக்கும் தெரியாத முடிச்சு ஒன்றைப் போட்டுவிட்டு, காலையில் அது அவிழ்ந்திருக்கிறதா என்று பார்த்தான். பெட்ரோல் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க டப்பாவில் ஆணியால் கோடு கிழித்து வைத்தான். என்னிடம் வந்து, ராய்ஸ் எத்தனை டஜன் பொடிமீன் வாங்கினான், அதை மூக்கில் கோக்கும் சின்னத் தூண்டில்முள் கேட்டானா, பெரியது கேட்டானா என்று விசாரித்தான். “உன் படகுல ஏறி நான் உன்ன விசாரிச்சா சும்மா இருப்பியா?” என்றேன். “மறைக்கிறீங்களே” என்று என்னையும் ஒரு மாதிரி பார்த்தான். லூரீன் போனில் பேசினால் கதவோரம் நின்று கேட்டானாம். கண்கொத்திப் பாம்பாக அலைந்ததில் ஆள் இளைத்துப் போனான். கூட்டி வந்த ஆட்கள் இரண்டு முறை வெறும் கையோடு திரும்பியதில், மூன்றாவது தடவைக்குப் பேசி வைத்தவர்கள் இன்னொரு வழிகாட்டி ஜார்விஸின் படகுக்கு மாறிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை, கடை நிறைய ஆள். ஜார்விஸும் மற்ற வழிகாட்டிகளும் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். ராய்ஸ் பொடிமீன் தொட்டியருகே வாளியோடு நின்றான். லூரீன் எனக்கு உதவியாக அடுப்படியில் இருந்தாள், சனிக்கிழமைகளில் வருவாள். வெர்லன் ரீப்பர் அடிக்கிற இரும்புக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, என் கல்லாப்பலகை மேல் தொப்பென்று வைத்தான்.

“ஜனவரியில நான் இதக் கழுவி எண்ணெய் போட்டு மாட்டி வச்சேன். நேத்து எடுத்துப் பாக்குறேன், உள்ள பூரா சேறு. நான் படுத்துக் கெடக்கும்போது இத எவன் எடுத்தான்?”

“நான்தான் எடுத்தேன்,” என்றான் ராய்ஸ்.

“கேட்டுக்கங்கப்பா. அவனே சொல்றான்.”

“மச்சான், அது வந்து...”

“என் படுக்கையப் பிடுங்கி உனக்குன்னு வேற இடத்துல நட்டுக்கிட்ட. என் சோத்தத் தின்னுக்கிட்டு, என் குழாயவே எடுத்துக்கிட்டு. திருட்டு நாயி.”

 ராய்ஸ் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான் என்பது தெரிந்தது. வாளியை மெதுவாக வைத்துவிட்டு வெளியே போனான். லூரீன் ஏப்ரனை அவிழ்த்தாள்.

“என் தம்பியத் திருடன்னு இத்தன பேர் முன்னாடி சொல்லிட்ட.”

“நீயும் சேந்துதான் மறச்ச.”

“அப்படியா? சரி. அந்த வீட்டுல ஒரு திருட்டுக்கூட்டத்த வச்சுக்கிட்டு நீ எப்படித் தூங்குவ? நாங்க கெளம்புறோம்.”

அன்று மத்தியானமே ஒரு சூட்கேஸோடு என் கடைக்கு மேலே இருக்கும் அறைக்கு வந்துவிட்டாள். ராய்ஸ் துறையோரம் யாரோ விட்டுப் போன, காரில் மாட்டி இழுக்கிற பழைய கூண்டுவண்டியில் படுத்துக்கொண்டான். ஆற்றுப் படகு வேலைக்கு மிசௌரிப் பக்கம் கிளம்பப் போவதாகச் சொன்னான். அவன் போனால் தானும் கூடவே போய்விடுவதாக லூரீன் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சூட்கேஸைப் பிரிக்கவே இல்லை அவள்.

இரும்புக் குழாய் என் கல்லாவிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைத்து மூலையில் வைக்கலாம் என்று எடுத்தேன். உள்ளே காய்ந்திருந்த சேற்றைக் கத்தியால் சுரண்டினேன். பொலபொலவென்று கொட்டியது மஞ்சள் மண்.

ஏரிச் சேறு கறுப்பு. நாறும். கையில் பட்டால் இரண்டு நாள் போகாது. முப்பது வருடம் தண்ணீரில் கிடந்த மனுஷனுக்கு அதுகூடத் தெரியவில்லை என்றால், கோபம் கண்ணை எப்படி மறைத்திருக்க வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் குழாயை ஏரியிலேயே வீசியிருப்பேன்.

“லூரீன், இத வச்சு ராய்ஸ் என்ன நட்டான்?”

பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். “என் குருவிக் கம்பத்த. பெக்கான் மரக்கிளை ரொம்பக் கிட்ட வந்துடுச்சு, கிளை பக்கத்துல இருந்தா மார்ட்டின் குருவி கூட்டுக்கு வராது. அதான் கொஞ்சம் தள்ளி நடச் சொன்னேன்.”

மார்ட்டின் குருவிக்கு வீடு வைக்காத முற்றம் எங்கள் கரையில் இல்லை. பதினாலடிக் கம்பத்தின் உச்சியில் பன்னிரண்டு ஓட்டை வைத்த வெள்ளைப் பெட்டி. ஏரிக்குள் எங்கே நின்று பார்த்தாலும் பளிச்சென்று தெரியும்.

“எவ்வளவு தள்ளி?”

“ஆறடி இருக்கும். மேற்கால.”

“வெர்லன்கிட்டச் சொன்னியா?”

“குருவிக் கம்பத்தப் பத்தி அவன்கிட்ட என்ன சொல்றது? என்னிக்காவது அதத் திரும்பிப் பாத்திருக்கானா? நேத்தும் குழாய எதுக்கு எடுத்தன்னு கேக்கல, நேரா திருடன்னுட்டான்.”

நான் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

வெர்லன் முற்றத்தில் படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யவில்லை. தலைக்கு மேல் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன.

“ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடுறேன்,” என்றேன். “அந்தக் கம்பத்த பிப்ரவரியில ஆறடி நகத்தி நட்டிருக்காங்க. உன் குழாயில இருக்கிறது அந்தக் குழி மண்ணு.”

அவன் கம்பத்தைப் பார்த்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இடிந்து நிற்கிற பழைய ஜின்னிங் மில்லின் புகைபோக்கியைப் பார்த்தான். மறுபடி கம்பத்தை. முகத்தில் ஈயாடவில்லை. அவன் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த அந்த இரண்டில் ஒன்று கரையில் ஆறடி நகர்ந்தால் கோடு ஏரிக்குள் அறுபதடி தள்ளிப்போகும் என்பதை அவனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

படகை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு போனான். நான் கரையிலேயே நின்றேன். கம்பத்துக்கும் புகைபோக்கிக்கும் நேராகப் போய், அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே நகர்ந்து கழியை இறக்கினான். நாலைந்து தரம் குத்தினான். பிறகு அடுத்த படுக்கைக்குப் போனான், அதற்கடுத்ததற்கும். தூண்டில் கொண்டு போகவே இல்லை. ஏழாவது இடத்தில் கழியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தான்.

“எல்லாம் அங்கயேதான் இருக்கு,” என்றான் கரையேறி. “ஒண்ணுகூட அசையல.”

“இத என்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்?”

மாலையில் கடைக்கு வந்தான். லூரீன் காபி மேசையில் உட்கார்ந்திருந்தாள். பின்கதவு திறந்திருந்தது, வெளியே பலகையில் ராய்ஸ் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தான். வெர்லன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னான். கம்பம், புகைபோக்கி, அறுபதடி எல்லாம். 

“என் மேலதான் தப்பு,” என்றான். “வீட்டுக்கு வாங்க, ரெண்டு பேரும்.”

“ஒண்ணு கேக்குறேன். கம்பம் நகந்தது தெரியாமலே போயிருந்தா, நீ வந்து கூப்பிட்டிருப்பியா?”

வெர்லன் தரையைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். நானே உள்ளுக்குள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், சொல்லித் தொலை என்று.

“வந்திருக்க மாட்டேன்,” என்றான்.

வெளியே கத்திச் சத்தம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது.

“திருடன்னு சொன்னது சனிக்கிழமை, ஊர் முன்னாடி,” என்றாள் லூரீன். “வருத்தப்படுறது ஞாயித்துக்கிழமை, ஆளில்லாத கடையில. நல்லா இருக்கு உன் நியாயம்.” மாடிக்குப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில், போன வாரம் இருந்த அதே ஆட்கள் அதே நாற்காலிகளில் இருக்கும்போது வெர்லன் வந்தான். ராய்ஸ் காபியோடு ஜன்னலோரம் இருந்தான், மிசௌரிக்குத் திங்கள்கிழமை பஸ். வெர்லன் நடுவில் நின்றான்.

“ராய்ஸ் என் படுக்கைய எதுவும் செய்யல. நான் அடையாளத்தத் தப்பாப் பாத்துட்டு அவனத் திருடன்னு சொன்னேன். என் ஏழு படுக்கையும் எங்க வீட்டுக்கு நேரா இருக்கு. குருவிக் கம்பத்துக்கு ஆறடி கிழக்க ஒரு பழைய குழி இருக்கு, அதுல ஒரு வெள்ளக் கொடி நட்டு வச்சிருக்கேன். அதையும் மில்லு புகைபோக்கியையும் ஒண்ணாச் சேத்துப் பாருங்க. மொத படுக்கைக்குக் குறுக்க, தீவு முனையில இருக்கிற பட்ட சைப்ரஸ் மரமும் அதுக்குப் பின்னால தண்ணித் தொட்டியும்.” இரண்டாவது, மூன்றாவது என்று ஏழாவது வரை வரிசையாகச் சொன்னான். இருபத்தாறு வருடம் மனைவியிடம்கூடத் திறக்காத வாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. சொல்லி முடித்து, ராய்ஸைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

அவனுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பிறகு ஜார்விஸ் தட்டில் இருந்த குழம்பை வழித்து நக்கினான்.

“பலே ஆளுய்யா. நம்ம எல்லாரையும் அவன் வீட்டு முன்னாடி சேத்துல சுத்த விட்டுட்டு, அவன் வடக்கால புதுசா நட்டு வச்சிருக்கான்.”

“அதான பாத்தேன்,” என்றான் இன்னொருத்தன். “வெர்லனாவது, இடத்தச் சொல்றதாவது.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நொடி எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அவன் கழியைக் குத்திப் பார்த்ததைக் கண்ணால் கண்ட எனக்கே. படகுகள் எல்லாம் வடக்கு முனைக்குப் பறந்தன.

லூரீன் அடுப்பை அணைத்தாள். “ராய்ஸ், படக எடு. பாத்துட்டு வருவோம்.”

பத்து மணிக்குத் திரும்பினார்கள். ராய்ஸ் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தான். கை அகலத்துக்கு மேல் அகலமான மீன்கள், சினை வைத்தவை, ஒன்றன்மேல் ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன. லூரீனின் முழங்கை வரை செதில். வெறும் பெட்டியோடு வடக்கேயிருந்து வந்த ஜார்விஸ் எட்டிப் பார்த்தான்.

“எங்க பிடிச்சீங்க?”

“எங்க வீட்டுக்கு நேரா,” என்றாள் லூரீன். “வெர்லன் சொன்ன எடத்துல.”

ஜார்விஸ் கண்ணடித்துவிட்டுப் போனான். அவனுக்கு இப்போது அக்காளும் தம்பியும்கூட அந்தச் சூழ்ச்சியில் கூட்டு.

லூரீன் மாடியேறிச் சூட்கேஸை எடுத்து வந்தாள்.

“மன்னிச்சுட்டியா அவன?” என்று கேட்டேன்.

“அத மெதுவாப் பாத்துக்கலாம், மிஸ் ஓப்பல். கல்யாணமான நாள்லருந்து இப்பத்தான் வாயத் தொறந்து உண்மையச் சொல்லியிருக்கான். ஊர்ல ஒருத்தன் நம்பல. நானும் நம்பலேன்னா எப்படி?”

ராய்ஸ் அவளை என் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கால் மணியில் திரும்பி வந்தான். கூண்டுவண்டியில் கிடந்த சட்டைகளை மடித்துப் பையில் வைத்தான்.

“நீ போகலையா அங்க?” என்றேன். “உன்னையும்தான் கூப்பிட்டான். ஊர் முன்னாடி சொல்லவும் சொல்லிட்டான்.”

“சொன்னாரு. நல்ல மனுஷன்தான்.” பையின் ஜிப்பை இழுத்து மூடினான். “ஆனா ‘வந்திருக்க மாட்டேன்’னு சொன்னாருல்ல, அதுவும் உண்மைதான், மிஸ் ஓப்பல்.”